ராணிக்குப் படியளந்த நாட்கள்

மெரினா மணலில் பல ஆண்டுகள் சவாரி சுமந்த மட்டக்குதிரை ஒன்று, சென்ற ஆடி மாதம் நான் வார இறுதிகளில் தொண்டு செய்யும் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. வண்டியிலிருந்து இறக்கியபோது அதன் விலா எலும்புகளைப் பத்தடி தொலைவிலிருந்தே எண்ண முடிந்தது. கழுத்து ஒட்டி, இடுப்பெலும்புகள் துருத்தி, வால் தொடங்கும் இடத்தில் குழி விழுந்திருந்தது. கடற்கரையில் எல்லோரும் அழைத்த ராணி என்ற பெயரை நாங்களும் மாற்றவில்லை. குதிரைகளின் உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிட 1983ஆம் ஆண்டில் ஹென்னெக் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. கழுத்து, திமில் மேடு, தோளின் பின்புறம், விலா, இடுப்பு, வாலடி ஆகிய இடங்களை விரலால் தடவிப் பார்த்து எண் தருவார்கள். மருத்துவர் ராணிக்கு, மிக மெலிந்த நிலையைக் குறிக்கும் 1 என்று எழுதினார்.

அன்று மாலையே ஒருவர் ஊறவைத்த கொள்ளும் வெல்லமும் வாளி நிறையக் கொண்டுவந்தார். பசித்த உயிரைக் கண்டால் யாருக்கும் கை அப்படித்தான் நீளும். மருத்துவர் அந்த வாளியை வெளியே வைக்கச் சொன்னார். ‘இளைத்தவனுக்கு எள், கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று சொல்லிவைத்த நம் முன்னோர் குதிரை மருத்துவத்தை மனத்தில் வைத்துச் சொன்னார்களா என்பது வேறு. எலும்பும் தோலுமாக நிற்கும் குதிரையிடம் கொள்ளுத் தீனியை நெருங்க விடக்கூடாது என்பது மட்டும் உண்மை.

இதன் காரணத்தை அன்றுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன். நெடுநாள் பட்டினி கிடந்த உடல், முதலில் கொழுப்பையும் பிறகு தன் தசையையுமே எரித்து உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் மாவுச்சத்து நிறைந்த தீனி திடீரென்று உள்ளே போனால் இன்சுலின் பெருகி, இரத்தத்தில் எஞ்சியிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றை உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்ததும் இதயமும் மூச்சும் தடுமாறும்; மீண்டும் தீனி தரத் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் குதிரை விழுந்து இறந்துவிடலாம். போதாக்குறைக்குக் குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. தவறாக உண்டது எதுவானாலும் குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பட்டினிக் குதிரைகளுக்குப் பல வகைத் தீனிகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், உலர்த்திய குதிரைமசால் (ஆல்ஃபால்ஃபா) என்ற தீவனத் தழையே சிறந்தது என்று கண்டார்கள். அதில் மாவுச்சத்து குறைவு. புரதமும் பாஸ்பரசும் மெக்னீசியமும் கூடுதல். பெயரிலேயே குதிரையைச் சுமந்திருக்கும் அந்தத் தழையை நாங்கள் வெளியூரிலிருந்து கட்டுக்கட்டாக வரவழைத்தோம். பெரிய குதிரைக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோ என்பது கணக்கு. ராணியின் உருவத்துக்கு வேளைக்குக் கால் கிலோ. நள்ளிரவு வேளையையும் விடியலுக்கு முந்தைய வேளையையும் நான் ஏற்றுக்கொண்டேன். தராசில் தழையை நிறுத்துப் போட்டதும் அது சில நிமிடங்களில் காலியாகும். பிறகு ராணி வெறும் தொட்டியை நக்கிக்கொண்டே என்னைப் பார்த்து நிற்கும். “ஏப்பா, வாயில்லா ஜீவனுக்குப் போய் எடை போட்டுப் படியளக்கிறியே?” என்று சாணம் அள்ளும் அம்மா ஒருநாள் கேட்டார். எனக்கும் அழுகை வந்தது. மருந்து கொடுப்பதைவிட, கொடுக்காமல் இருப்பதே இந்தச் சிகிச்சையில் கடினமானது என்று நினைக்கிறேன்.

அந்த நாட்களில் எங்களை மிகவும் அச்சுறுத்தியது ராணி படுத்துவிடுமோ என்பதுதான். குதிரை நின்றபடியே உறங்கக்கூடியது. ஆனால் தசை கரைந்த குதிரை ஒருமுறை படுத்துவிட்டால் தானாக எழ முடியாமல் போகலாம், தன் எடையே அழுத்தித் தசையைச் சிதைத்துவிடும். மூன்றாம் இரவு அது படுத்துத்தான் விட்டது. மார்புக்கடியில் வைக்கோல் பொதிகளை அணைத்து நிமிர்த்தி வைத்து, நான்கு பேர் வாலடியிலும் தோளிலும் தாங்கி எழுப்பி நிறுத்த விடிந்துவிட்டது.

பத்து நாள் கடந்த பிறகே மற்றவற்றைத் தொட்டோம். இலத்தியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து வைத்தபோது அடியில் ஒரு விரற்கடை அளவுக்குக் கடற்கரை மணல் படிந்தது. தரையில் கொட்டிய தீனியோடு சேர்த்து விழுங்கிய மணல்தான் அது. குடலை அறுத்து வயிற்றுவலியும் கழிச்சலும் உண்டாக்கும். இசப்கோல் உமியைத் தீனியில் கலந்து கொடுத்து, வாரந்தோறும் வாளியில் கரைத்துப் பார்த்தோம். பாதி மென்ற தழை உருண்டைகளைக் கீழே துப்புவதைக் கவனித்த மருத்துவர் வாயைத் திறந்து காட்டினார். குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது. பற்களோ ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே தள்ளிக்கொண்டே இருப்பவை. உரசித் தேயாத விளிம்புகள் கத்தியாகிக் கன்னத்தைக் கிழித்திருந்தன. மயக்க ஊசி போட்டு அரத்தால் ராவிய மறுநாள் துப்புவது பெரிதும் குறைந்துவிட்டது. மெல்லவே முடியாத உயிரைத் தின்னவில்லை என்று யாரேனும் அடித்திருப்பார்களோ என்ற எண்ணம் என்னை இன்னும் விடவில்லை.

புழு மருந்தும் உடல் சற்றுத் தேறிய பிறகே. குடல் சுவரில் உறங்கும் புழுக்கள் ஒரே நேரத்தில் கிளம்பினால் மெலிந்த உடல் தாங்காது. சேணம் அரைத்த முதுகுப் புண்ணில் யாரோ பழைய என்ஜின் எண்ணெயைத் தடவியிருந்தார்கள். உப்பு நீரால் கழுவிக் கழுவியே ஆற்றினோம். தசையற்ற கணைக்காலில் கயிறு அறுத்த காயம்தான் அதிகப்படி சதை வளர்ந்து நெடுநாள் இழுத்தது. டெட்டனஸ் எனப்படும் ரண ஜன்னிக்குக் குதிரை எளிதில் இரையாகும் என்பதால் அதற்குரிய ஊசியை முதல் நாளே போட்டிருந்தார்கள். கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்ச் சோதனைக்கான இரத்த மாதிரி ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்குப் போய், நோய் இல்லை என்று முடிவு வரும்வரை ராணியைத் தனியே வைத்திருந்தோம். மனிதருக்கும் தொற்றும் அந்நோய் உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கொன்றுவிட வேண்டும் என்பதால், அந்தக் காத்திருப்பு எனக்குப் பட்டினி நாட்களைவிட நீளமாகத் தோன்றியது.

மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை தோராயமாகக் கிடைக்கும். அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். வந்த அன்று சுற்றளவு 130, நீளம் 128, எடை 182 கிலோ. நான்காம் மாத இறுதியில் சுற்றளவு 142, எடை 217. குளம்புகள் மட்டும் இன்னும் பழையனவே. நுனிவரை புதிதாக வளர ஏறத்தாழ ஓராண்டு ஆகும் என்பதால், ஆறு வாரத்துக்கு ஒருமுறை சீவிக்கொண்டு, லாடம் இல்லாமலே விட்டிருக்கிறோம்.

சென்ற ஞாயிறு, மழை விட்ட பின் வேலிக்குள் அவிழ்த்துவிட்டேன். ராணி ஈர மண்ணை முகர்ந்து, முன்கால்களை மடக்கிப் படுத்தது. பழைய பயத்தில் நான் வேலியைத் தாண்டி ஓடினேன். அதற்குள் அது முதுகை மண்ணில் தேய்த்து இருபுறமும் புரண்டு, ஒரே உந்தலில் எழுந்து, உடம்பைச் சிலிர்த்து என் சட்டையெல்லாம் சேற்றைத் தெறித்துவிட்டு, தொட்டிப் பக்கம் நடந்தது.