மாநிலங்களவையில் எங்கள் பென்ஷன் கேள்வி

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாங்கள் சிலர் சேர்ந்து, ஒரு எம்.பி. மூலமாக மாநிலங்களவையில் கேள்வி போட வைத்தோம். பதில் வந்ததும் பாடி, கொரட்டூர், திருவொற்றியூர் என்று நாலா பக்கமிருந்தும் போன். "எப்படி சார் செஞ்சீங்க?" ஒவ்வொருவருக்கும் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. எழுதி வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்கு: எங்களுக்கு வருவது 1995 நவம்பரில் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் பென்ஷன். சுருக்கமாக இபிஎஸ்-95. 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் மாதம் ரூ.1,000 என்று வைத்தார்கள். பஞ்சப்படி கிடையாது. லேத் மெஷினோடு ஆயுளைக் கழித்த எனக்கு வருவது ஆயிரத்துச் சொச்சம்.

முதலில் யாரிடம் போவது? மக்களவை என்றால் நம் தொகுதி எம்.பி.யிடம்தான் பொதுவாகப் போவோம். மாநிலங்களவை உறுப்பினருக்குத் தொகுதி இல்லை. எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டுக்கு 18 இடம். நீங்கள் அம்பத்தூரோ அரக்கோணமோ, 18 பேரில் யார் வாசலையும் தட்டலாம். தொழிலாளர் விஷயத்தில் யார் ஏற்கெனவே வாய் திறந்திருக்கிறார் என்று பார்த்துப் போனால் பாதி வேலை மிச்சம். அவை இணையதளத்தில் உறுப்பினர் பெயரைப் போட்டால் அவர் கேட்ட கேள்விகள் வரிசையாக வந்துவிடும். கட்சிக்காரர் சிபாரிசெல்லாம் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

எம்.பி. டெல்லியில் இருந்தார். சென்னை அலுவலகத்தில் சட்டம் படித்த ஒரு இளம்பெண்தான் இதையெல்லாம் கவனிக்கிறார். நாங்கள் கொண்டுபோன மனு மூன்று பக்கம். படித்து முடித்துவிட்டு, "சார், நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இது கேள்வி இல்ல, கோரிக்கை" என்றார். "ஏம்மா, ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் எங்கள் பொருளாளர். இல்லையாம். கேள்வி பொதுவாக 100 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. கருத்து கேட்கக் கூடாது. வாதம், கேலி, அடைமொழி, யார் மேலாவது பழி, எதுவும் இருக்கக் கூடாது. கோர்ட்டில் நிலுவையில் இருப்பதைத் தொடக் கூடாது. ஏற்கெனவே பதில் வந்ததைத் திருப்பிக் கேட்கவும் கூடாது. விதி புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். "முதியோரின் கண்ணீரை அரசு அறியுமா?" என்று நாங்கள் ஆசை ஆசையாக எழுதிய வரியை அவர் பென்சிலால் அடித்தபோது பொருளாளரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அடுத்து நடந்ததுதான் முக்கியமான வேலை. பழைய பதில்களைப் படிப்பது. இபிஎஸ் பற்றி இரண்டு அவைகளிலும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள். படிக்கப் படிக்க ஒரு விஷயம் பிடிபட்டது. பெரும்பாலான கேள்விகள் (அ), (ஆ), (இ), (ஈ) என்று நாலாகப் பிரிந்து வரும்; பதிலோ "(அ) முதல் (ஈ) வரை" என்று ஒரே பத்தியில் போய்விடும். சம்பளத்தில் முதலாளி பங்கு 8.33 சதவீதம், மத்திய அரசின் பங்கு 1.16 சதவீதம், சம்பள உச்சவரம்பு ரூ.15,000, நிதியில் பற்றாக்குறை. கேட்டவர் யாரானாலும் இதே பாட்டுதான். எந்த அமைச்சகத்தின் பதில்களை எடுத்தாலும் இப்படிச் சில கிடைக்கும் என்றார் அந்தப் பெண். "ஏன் உயர்த்தவில்லை" என்று கேட்டால் இந்தப் பத்தி வரும். "எத்தனை பேர்" என்று கேட்டால் எண் கொடுத்தே ஆக வேண்டும். இதுதான் சூட்சுமம்.

அதனால் எங்கள் கேள்வியின் முதல் இரண்டு பகுதியும் எண்ணிக்கைக்கே: மாதம் ரூ.1,500க்குக் கீழ் பென்ஷன் வாங்குபவர்கள் நாட்டில் எத்தனை பேர், தமிழ்நாட்டில் எத்தனை பேர், அதில் விதவை ஓய்வூதியம் எத்தனை. மூன்றாவதாக, பகத் சிங் கோஷ்யாரி தலைமையில் இருந்த மாநிலங்களவை மனுக்கள் குழு 2013இல் குறைந்தபட்சம் ரூ.3,000 கொடுக்கச் சொன்னதே, அதன் மேல் எடுத்த நடவடிக்கை என்ன. அவையின் சொந்தக் குழு சொன்னதை அதே அவையில் கேட்பதில் ஒரு பிடிமானம் இருக்கிறது. "ஏன்" என்ற சொல்லே வரவில்லை. பொருளாளருக்குக் கடைசி வரை இதில் சமாதானம் இல்லை. "அண்ணா போய்ப் பேசின சபைம்மா அது, இவ்ளோ சப்பையா கேக்கறோமே" என்று அலுத்துக்கொண்டார். 1962இல் அண்ணா அங்கே பேசியதைத் தன் அப்பா வாய்வழியாகக் கேட்டு வளர்ந்தவர் அவர். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "சார், அது விவாதம். இது கேள்வி" என்று முடித்துவிட்டார்.

நட்சத்திரக் கேள்வியா, நட்சத்திரமில்லாததா என்பதில் எங்களுக்குள் சண்டை. நட்சத்திரக் குறி போட்டால் அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். துணைக் கேள்வியும் கேட்கலாம். டிவியில் வரும். ஆனால் ஒரு நாளைக்கு 15தான் எடுப்பார்கள், அதுவும் குலுக்கலில். அந்த 15உம் ஒரு மணி நேரத்தில் முடிவது அபூர்வம். குறி இல்லாதது 160 வரை போகும். எழுத்தில் பதில் வரும். நமக்கு வேண்டியது எண்ணிக்கையா, எம்.பி.யின் குரலா? நான் எண்ணிக்கை பக்கம் நின்றேன். எம்.பி.யும் போனில் அதையே சொன்னார்.

நாள் கணக்கில் கவனம் வேண்டும். நோட்டீஸ் முழுதாக 15 நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான். கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு மனுவோடு ஓடினால் கடைசி வாரத்துக்குக் கூட இடிக்கும். நாங்கள் முன்பே போனதால் தப்பித்தோம்.

எங்கள் நாள் வந்தது. காலை 11 மணிக்கே சன்சத் டிவியைப் போட்டு உட்கார்ந்துவிட்டோம். முதலில் அமைச்சர்கள் மேசையில் காகிதங்கள் வைத்தார்கள். அப்புறம் 267ஆம் விதியில், அதாவது மற்ற அலுவலை ஒத்திவைத்துவிட்டு எங்கள் விஷயத்தை எடுங்கள் என்று, வந்த நோட்டீஸ்களை ஏற்கவில்லை என்று அறிவிப்பு. உடனே அமளி. பன்னிரண்டு வரை ஒத்திவைப்பு. மாநிலங்களவையில் கேள்வி நேரம் பன்னிரண்டுக்குத்தான். முன்னால் இருக்கும் ஒரு மணி நேரம் பூஜ்ய நேரம், அதாவது உறுப்பினர்கள் அவசரப் பொது விஷயங்களை எழுப்பும் நேரம். பன்னிரண்டுக்குக் கூடினார்கள், மறுபடி அமளி, மதியம் இரண்டு மணி வரை ஒத்திவைப்பு. கொரட்டூர் அக்கா ஒருவர் போனில் அழாத குறை. "போச்சா தம்பி நம்ம கேள்வி?"

போகவில்லை. இது பலருக்குத் தெரியாது. அவை அமளியில் நின்றாலும் அன்றைய எழுத்துப் பதில்கள் மேசையில் வைக்கப்பட்டதாகவே கணக்கு. மாலையில் என் பேரன் இணையதளத்திலிருந்து பி.டி.எஃப். இறக்கிக் கொடுத்தான். எண்ணிக்கை இணைப்பாக வந்திருந்தது, தமிழ்நாட்டுக்குத் தனி வரிசையோடு. கோஷ்யாரி குழு பற்றிய பகுதிக்கு நாங்கள் மனப்பாடமாக வைத்திருந்த அதே 8.33, 1.16. நட்சத்திரத்துக்கு ஆசைப்பட்டிருந்தாலும் அன்றைக்குத் துணைக் கேள்விக்கு வழியே இருந்திருக்காது.

அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எம்.பி. அடுத்த வாரம் பூஜ்ய நேரத்தில் பேசினார், தமிழிலேயே. மூன்று நிமிடம். முடிந்ததும் மைக் தானாக நின்றுவிடும். வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் தயவு கிடையாது. எனவே எண்ணை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். அவர் முடித்ததும் வேறு மாநில உறுப்பினர்கள் எழுந்து, தாங்களும் இதில் இணைந்துகொள்வதாகச் சொன்னார்கள். வெறும் மரியாதை என்று முதலில் நினைத்தேன். அந்தப் பெயர்களெல்லாம் அவைக் குறிப்பில் ஏறுகின்றன. அடுத்த முறை யாரைப் போய்ப் பார்க்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் ஏது?

இன்னொன்று. சில பதில்களில் "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று வரும். அது கைகழுவுவது போலத் தெரியும், ஆனால் அவை அதை உறுதிமொழியாக எடுத்துக்கொள்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். கவனிக்க அரசு உறுதிமொழிகள் குழு என்றே ஒன்று உண்டு. அப்படி வந்தால் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு எம்.பி. அலுவலகத்துக்கு ஞாபகப்படுத்துங்கள்.

அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்வியை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டோம். சேவைக் காலம் பத்து வருடத்துக்குச் சற்றுக் குறைந்ததால் மாதப் பென்ஷனே இல்லாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பது முதல் பகுதி. இதே கேள்விக்கு முன்பு பதில் வந்த நகல் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே கேட்டது என்று தள்ளிவிடுவார்கள்.