அரைமண்டியும் பொய்க்காலும்

கும்பகோணத்தில் பரதமும், தஞ்சாவூருக்கு அருகே ஒரு கிராமத்தில் பொய்க்கால் குதிரையும், அத்துடன் தாள ஒலிகளை வாயால் சொல்லும் தவில் சொற்கட்டும் ஓரளவு பயின்று, மூன்றையும் கொண்டு ஒரு தனி ஆட்டத்தை அண்மையில் அமைத்து முடித்தேன். பல கலைகளைச் சேர்ப்பது என்றால் இதில் ஓர் அசைவு, அதில் ஓர் அசைவு என்று எடுத்துக் கோப்பதுதான் என நினைப்பவர்கள் என் வயதுக் கலைஞர்களில் நிறையப் பேர் உண்டு. உடம்பு அதற்கு அவ்வளவு எளிதில் சம்மதிப்பதில்லை.

பரதத்தைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. தட்டடவு, நாட்டடவு என்ற அடிப்படை அசைவுகளில் தொடங்கி, தஞ்சை நால்வர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்குபடுத்திய, அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான வரிசையில்தான் நானும் நடந்தேன்.

பொய்க்கால் வேறு உலகம். ஏறத்தாழ ஓரடி உயரக் கட்டையின் மேல் பாதத்தை வைத்து, முழங்காலுக்குக் கீழே துணியால் இறுக்கிக் கட்டியதும், பரதம் பழக்கிவிட்ட அனைத்தும் எதிராகத் திரும்பின. பரதத்தின் அடிப்படை நிலையான அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் மடங்க வேண்டும், உள்ளங்கால் முழுவதும் தரையில் அறைய வேண்டும். இங்கோ கணுக்கால் அசையாது, மண்டியில் அமர முடியாது, தரையைத் தொடுவதும் சிறிய மரநுனி மட்டுமே. கட்டு தளர்ந்தால் கால் பிசகும், அதிகம் இறுகினால் கெண்டைக்கால் மரத்துப்போகும். ஒரே இடத்தில் நிற்பதற்கும் வழியில்லை. "நின்னா விழுந்துருவ பாப்பா, மிதிச்சுக்கிட்டே இரு" என்பார் எனக்குக் கற்றுத்தந்த அண்ணன். குதிரைக்கூட்டைத் தோளில் மாட்டிவிட்டால் கீழே கால் எங்கே விழுகிறது என்பதே தெரியாது. நையாண்டி மேளத்தின் தவிலைக் காதில் வாங்கியே அடி வைக்க வேண்டும்.

இரண்டு கலைகளும் அங்கேதான் எனக்குச் சந்தித்தன. பரத ஆசிரியர் தாளம் தட்டும் தட்டுக்கழியில் விழும் 'தகதிமி'யும் தவிலில் விழும் 'தகதிமி'யும் கணக்கில் ஒன்றே, ஆனால் அழுத்தம் விழும் இடம் வேறு. இதைப் புரிந்துகொள்ளத் தவில் வித்வான் ஒருவரிடம் போனேன். வலக்கை விரல்களில் கூடு மாட்டி, இடக்கையில் கழி பிடித்து அவர் வாசிப்பார்; நான் கையில் தாளம் போட்டு வாயால் சொல்ல வேண்டும். தவிலைத் தொட அவர் கடைசிவரை விடவில்லை, அதுவும் நல்லதுதான்.

ஒருவரே பாடி, பேசி, ஆடுவது டெல்டாவுக்குப் புதிதல்ல. நரசிம்ம ஜயந்தியை ஒட்டி மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தில், கோமாளியான கோணங்கி வந்து போய், கணபதி முகமூடி அணிந்த சிறுவன் ஆடி முடித்தபின் வரும் நடிகர்கள் இரவெல்லாம் அதைத்தான் செய்கிறார்கள். ஆண்கள் மட்டுமே ஏறும் மேடை என்பதால் நான் கண்ணால் மட்டும் கற்றேன்.

ஆட்டத்தின் கரு பெரிய கோவிலிலிருந்து வந்தது. 1010இல் நிறைவுற்ற அந்த விமானத்தின் மேல்தளத்தில் கை, கால், உடல் சேர்ந்த ஆடல் அசைவுகளான 108 கரணங்களில் 81 மட்டுமே சிற்பங்களாக உள்ளன; மீதிக் கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. பொதுமக்கள் ஏறும் இடமல்ல அது. நான் ஒளிப்படங்களில்தான் பார்த்தேன். விடுபட்ட கரணங்களுக்கும் நாட்டிய சாஸ்திரத்தில் இலக்கணம் இருக்கிறது, ஆகவே அவற்றைப் புதிதாகக் கண்டுபிடிப்பதாகச் சொல்லிக்கொள்வது வெறும் பகட்டு. முற்பகுதியில் செதுக்கிய கரணங்கள் சிலவற்றைப் பரதத்தில் ஆடிவிட்டு, பிற்பகுதியில் பொய்க்கால் கட்டிக்கொண்டு, விடுபட்டவற்றின் இலக்கணத்தை அந்தக் கட்டைகளால் எட்ட முயல்கிறேன். பல எட்டுவதில்லை, கை முழுமையாகச் செய்வதைக் கால் பாதியில் விட்டுவிடும். அந்தப் பாதியை மறைக்காமல் காட்டுவதுதான் ஆட்டம்.

அண்ணனுக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. "குதிரை இல்லாம பொய்க்கால் எதுக்கு?" என்று கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இருப்பதால், இறுதிப் பகுதியில் மட்டும் குதிரைக்கூட்டைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். கோவில் விழாக்காலத்தில் அவருடைய குழுவுக்கு ஓய்வே கிடைக்காது. எனவே ஐப்பசி மழையில்தான் ஒத்திகை.