கன்னி மூலை பீரோவும் மாடி அறை வைஃபையும்

அம்மாபேட்டையில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி. திண்ணையை அடைத்துக் கட்டிய முன்னறை, அடுத்து ஹால், அப்புறம் படுக்கையறை, சமையலறை, கடைசியில் துவைக்கிற கல்லோடு கொஞ்சம் கொல்லை. மாடியில் ஒரே ஒரு அறை, அதுதான் என் ஆபீஸ். இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அதில் பாதி நாள் "கேட்குதா, இப்ப கேட்குதா" என்பதிலேயே போயிற்று.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், 100 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நல்லவேளை, ஆக்குவதற்கு முன்னால் லேப்டாப்பை ரூட்டரிலேயே ஒயர் போட்டுச் சொருகிப் பார்த்தேன். 94 காட்டியது. அப்படியென்றால் தெருவிலிருந்து வீட்டுக்குள் வருவதில் ஒரு குறையும் இல்லை, வீட்டுக்குள் வந்தபிறகுதான் எங்கேயோ தொலைகிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் பிளானை மாற்றாதீர்கள். குழாயில் அடைப்பு இருக்கும்போது டேங்கைப் பெரிதாக்கி என்ன ஆகப்போகிறது?

பக்கத்து வீட்டு அண்ணன் தறிமேல் பழி போட்டார். எங்கள் சந்தில் ஐந்தாறு வீட்டில் விசைத்தறி ஓடுகிறது, அந்த மோட்டார் சிக்னலை இழுத்துவிடும் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சரி, தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்று, சிக்னல் அளவை எண்ணாகக் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போனில் இறக்கி, மகளையும் கூட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். அவள் ஒவ்வொரு நிலைக்காலிலும் சாக்பீஸால் எண்ணை எழுதிக்கொண்டே வந்தாள். முன்னறையில் -36, ஹாலில் -66, சமையலறையில் -75, மாடி அறையில் -84. திங்கட்கிழமை தறிச் சத்தத்தோடு திரும்ப நடந்தோம். ஒன்றிரண்டு எண் முன்னேபின்னே, அவ்வளவுதான். தறி நிரபராதி.

அந்த எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. டிபிஎம் என்கிற கணக்கு அது, எப்போதும் கழித்தல் குறியோடுதான் வரும், பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 3 குறைந்தால் பலம் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று. -67 வரைக்கும் வீடியோ கால் தாங்கும், -80 தாண்டினால் வாட்ஸ்அப் மெசேஜே முக்கி முனகித்தான் போகும். அப்படியானால் எங்கள் முன்னறைக்கும் ஹாலுக்கும் நடுவில் மட்டும் 30 போயிருக்கிறது, ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். இத்தனைக்கும் நடுவில் இருப்பது ஒரு செங்கல் சுவர், கதவும் எப்போதும் திறந்தே கிடக்கும்.

காரணம் கண்ணெதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. பீரோ!

எங்களுடையது மேற்குப் பார்த்த வீடு, அதனால் கன்னி மூலை தெருப்பக்கமே வந்துவிட்டது. அங்கே என் மனைவிக்குச் சீராக வந்த இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடியோடு, வடக்குப் பார்த்து நிற்கிறது. ஃபைபர் இழுக்க வந்த தம்பி, ஒயர் உள்ளே நுழைந்த இடத்திலேயே, பீரோவுக்கும் தெருச்சுவருக்கும் நடுவில் இருந்த அரையடிச் சந்தில் ரூட்டரை மாட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு வேலை சுலபம், எங்களுக்கும் ஒயர் கண்ணில் படவில்லை என்று சந்தோஷம். வீடு முழுக்க இருப்பது பீரோவுக்கு அந்தப் பக்கம். இரும்புத் தகடு ரேடியோ அலையை உள்ளே விடாது, திருப்பி அடித்துவிடும், கண்ணாடியின் முதுகில் பூசிய ரசமும் அதே வேலையைத்தான் செய்யும். ஆக, மாதாமாதம் பணம் கட்டி நாங்கள் தெருவுக்கு வைஃபை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"பீரோவைக் கொஞ்சம் நகர்த்தினா என்னம்மா?" என்று கேட்டேன். அம்மா பார்த்த பார்வையிலேயே அந்தப் பேச்சு முடிந்தது.

இதற்கு நடுவில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். இதையெல்லாம் அளப்பதற்கு முன்பே 1,800 ரூபாய் கொடுத்து ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி மாடி அறையில் சொருகியிருந்தேன். கட்டம் கட்டமாக முழு சிக்னல் காட்டியது, வேகம் மட்டும் 4 எம்பிபிஎஸ். -84இல் காதில் அரைகுறையாக விழுவதைத்தானே அது உரக்கத் திருப்பிச் சொல்லும்? அதோடு, ஒரே ரேடியோவில் கேட்கவும் வேண்டும் சொல்லவும் வேண்டும் என்பதால் வேகத்தில் பாதி அங்கேயே போய்விடும். வைப்பதானால் பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அதை ஏற்காட்டில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குக் கொடுத்தேன், அங்கேயும் உதவவில்லை. ஒன்றரை அடி கனத்தில் கருங்கல் சுவர் வைத்துக் கட்டிய பழைய வீடு, அதற்குள் வைஃபையின் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒரு அறையைத் தாண்டாது. அந்த மாதிரி வீட்டுக்கு அறைக்கு அறை ஒயர் இழுப்பதுதான் வழி. தோட்டத்தில் தள்ளி இருக்கும் அவுட்ஹவுஸுக்கு என்றால் செம்பு ஒயர் வேண்டாம், ஃபைபரே இழுங்கள். கோடை மழையில் அங்கே இடி இறங்கினால் செம்பு வழியாக மின்சாரம் வந்து இரண்டு பக்கமும் பெட்டியைப் பொசுக்கிவிடும், கண்ணாடி இழைக்கு அந்தப் பயம் இல்லை.

சரி, எங்கள் வீட்டுக்கு வருவோம். பீரோ நகராது என்றால் ரூட்டர் நகரட்டும். சந்தில் மூன்று மீட்டர் ஃபைபர் உபரியாகச் சுருட்டிக் கிடந்தது, அதைப் பிரித்து ஹால் பரணுக்குப் பக்கத்தில் உயரமாக மாட்டினேன். மாட்டி முடித்ததும் சிவப்பு விளக்கு. கதவு மூலையில் அழகாக இருக்கட்டும் என்று கரண்ட் ஒயர் மாதிரி 90 டிகிரிக்கு மடித்து ஆணி அடித்திருந்தேன். அடுத்த நாள் வந்த தம்பி, "அண்ணா, உள்ள ஓடுறது வெளிச்சம்ணா, இப்படி ஒடிச்சா வெளிய போயிரும்" என்று சிரித்துக்கொண்டே ஆணியைப் பிடுங்கி, வளையல் அளவுக்கு ஒரு வளைவு விட்டார். பச்சை வந்துவிட்டது. ஹால் -40, சமையலறை -61. ஒரு பைசா செலவில்லை.

மாடி மட்டும் -74இலேயே நின்றது. நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். ரூட்டரின் ஆன்டெனாவை நட்டுக்குத்தலாக நிறுத்தினால் சிக்னல் உளுந்து வடை மாதிரி பக்கவாட்டில் பரவும், குச்சி நிற்பது வடையின் ஓட்டையில். தலைக்கு நேர் மேலேயும் கீழேயும்தான் அதற்கு பலம் குறைவு. இரண்டில் ஒன்றைப் படுக்க வைத்தேன், -70 ஆனது. அதற்குமேல் கெஞ்சிப் பயனில்லை என்று ஒயர் இழுக்க முடிவு செய்தேன்.

வாங்கியது கேட் 6 என்கிற நெட்வொர்க் ஒயர், 18 மீட்டர். கடையில் விலை குறைவாக ஒன்று காட்டுவார்கள், செம்பு பூசிய அலுமினியம், அதை வாங்காதீர்கள். முழுச் செம்பா என்று கேட்டு, நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்கக் கூடாது, தனி பைப் போட்டுப் படிக்கட்டு வழியாக ஏற்றினேன். நுனியில் கனெக்டர் போடுவதுதான் பொறுமையைச் சோதிக்கிற வேலை. எட்டு இழை, நான்கு ஜோடி: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். பூத்தொடுப்பதற்குக் காம்பைச் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் தட்டையாகப் பிடித்து, ஒரே வெட்டாக வெட்டி உள்ளே தள்ள வேண்டும். என்னுடையதில் கடைசி பிரவுன் இழை அரை மில்லிமீட்டர் எட்டவில்லை. இணைப்பு வந்தது, ஆனால் 1000க்குப் பதில் 100தான். 100க்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும், 1000க்கு நாலு ஜோடியும் வேண்டும். என் பிளானுக்கு 100 தாராளம், இருந்தாலும் மனசு கேட்கவில்லை, வெட்டிவிட்டு மறுபடி போட்டேன்.

மாடியில் வைத்தது பழைய கனெக்‌ஷனோடு வந்து பரணில் தூசி தின்றுகொண்டிருந்த ரூட்டர். ஒயரை அதன் லேன் துளையில் சொருகி, அதே பெயர், அதே பாஸ்வேர்ட். உடனே கீழே மகள் கத்தினாள், ஆன்லைன் டெஸ்ட் நடுவில் நெட் போயிற்று. இரண்டு ரூட்டரும் 192.168.1.1 என்ற ஒரே விலாசத்தில் உட்கார்ந்துகொண்டு, இரண்டுமே போன்களுக்கு விலாசம் வழங்கிக்கொண்டிருந்தன. பழையதற்கு 192.168.1.2 என்று மாற்றி, அதில் டிஹெச்சிபியை, அதாவது விலாசம் வழங்குகிற வேலையை, அணைத்தபிறகுதான் வீடு அமைதியானது. டெஸ்ட்டில் அவளுக்கு இரண்டு மார்க் போனது என் கணக்கில்தான் இன்னும் நிற்கிறது. நீங்கள் செய்தால் முதலில் இதை மாற்றிவிட்டு, அப்புறம் ஒயரைச் சொருகுங்கள்.

ரூட்டர் பேசுகிற தடமான சேனலையும் பார்த்துக்கொண்டேன். ஒட்டி ஒட்டி வீடு என்பதால் வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 23 பெயர் தெரிந்தது, பாதிக்குமேல் 6ஆம் சேனலில். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மூன்றுதான், அதனால் கீழே 1, மாடியில் 11.

இப்போது மாடி -44. அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சீரியல் பார்க்கிறார், சுற்றுகிற வட்டம் வருவதில்லை. பீரோ கன்னி மூலையில் அதே இடத்தில், காசு தங்கியதா என்பதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். நிலைக்காலில் எழுதிய சாக்பீஸ் எண்களைப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதாவது அழியுங்கள் என்கிறாள் மனைவி. கொல்லையில் துவைக்கிற கல் பக்கம் மட்டும் இன்னும் -82. அதைச் சரிசெய்கிற எண்ணம் எனக்கு இல்லை, மேனேஜர் கூப்பிடுகிற நேரத்தில் போய் உட்கார வீட்டில் ஒரு இடமாவது வேண்டாமா?