ஸ்விஃப்ட் டீசல குடுத்துட்டு செகண்ட் ஹேண்ட் டர்போ பெட்ரோல் எடுத்தாச்சு

முதல்லயே சொல்லிடறேன், காசு மிச்சமாகும்னு நெனச்சு யாரும் டீசல்ல இருந்து டர்போ பெட்ரோலுக்கு (காத்த அழுத்தி இன்ஜினுக்குள்ள அனுப்பற டர்போ வச்ச பெட்ரோல் வண்டி) மாறாதீங்க, சத்தியமா ஆகாது. எங்க 2012 ஸ்விஃப்ட் ஊருக்குள்ள ஓட்டி வெளிய ஓட்டி எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 18 குடுக்கும், இப்ப எடுத்துருக்கற ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ அதே ஓட்டத்துல 14 குடுத்தா பெரிய விஷயம். வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர்னு வச்சு இன்னைக்கு விலைல போட்டு பாருங்க, எரிபொருளுக்கு மட்டுமே 16,000 ரூபா வாக்குல கூட வருது. அப்பறம் எதுக்குடா இந்த வேலைன்னு அப்பா கேட்டாரு, நியாயமான கேள்விதான்.

2012ல கணக்கு வேற. பெட்ரோல் விலைய 2010லயே அரசாங்கம் கைய விட்டுடுச்சு, டீசல மட்டும் 2014 அக்டோபர் வரைக்கும் புடிச்சு வச்சிருந்தாங்க, அதனால ரெண்டுக்கும் நடுவுல லிட்டருக்கு 25, 30 ரூபா வித்தியாசம் இருந்துச்சு, நான் வேற தினமும் கடலூர்ல இருந்து நெய்வேலி போய்ட்டு வந்துட்டு இருந்தேன், அந்த ஓட்டத்துக்கு டீசல் எடுக்காம இருந்திருந்தாதான் தப்பு. இப்ப அந்த வித்தியாசம் 10 ரூபா பக்கம் சுருங்கிடுச்சு, வேலையும் கடலூருக்குள்ளயே, மஞ்சக்குப்பத்துக்கு வந்துடுச்சு. காலைல பசங்கள ஸ்கூல்ல விட்டுட்டு, திருப்பாப்புலியூர் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வந்து நிறுத்தினா அவ்ளோதான், டீசல் இன்ஜின் ஒழுங்கா சூடாகறதுக்குள்ள வீடு வந்துடும். இப்படி குட்டி குட்டி ஓட்டமா ஓட்டினா இஜிஆர் வால்வுல (புகைல கொஞ்சத்த திரும்ப இன்ஜினுக்கே அனுப்பற வால்வு) கரி புடிக்கும், பிஎஸ்6 டீசல்னா புகைல இருக்கற கரிய வடிகட்டற டிபிஎஃப் வேற அடைச்சிக்கும், அதனால புது டீசல்ங்கற யோசனையே வரல. மாருதியும் 2020 ஏப்ரலோட டீசல நிறுத்திட்டாங்க. எங்க ஸ்விஃப்ட்ல இருந்த, ஃபியட்டோட அந்த 1.3 மல்டிஜெட் மாருதி, டாடா, செவர்லேன்னு எல்லார் பானட்டுக்குள்ளயும் உக்காந்திருந்த இன்ஜின், தேசிய இன்ஜின்னே பேரு அதுக்கு. 2027ல 15 வருஷம் முடிஞ்சு ஆர்.சி. புதுப்பிக்க அலையறதுக்கு முன்னாடியே குடுத்துடலாம்னு தோணுச்சு, பண்ருட்டில முந்திரி வியாபாரம் பண்ற ஒருத்தர் எடுத்துக்கிட்டாரு, மாசத்துக்கு 2,000 கிலோமீட்டருக்கு கொறையாம ஓடுமாம் அவருக்கு. அந்த மாதிரி ஓட்டம் இருக்கறவங்க டீசல விடவே விடாதீங்க.

சரி, வண்டி பாக்கற கதைக்கு வரேன். பாண்டிலதான் தேடினேன், அங்க நல்ல வண்டி நெறைய கெடைக்கும். ஆனா ஒண்ணு, 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்கு பாண்டி முழுக்க தண்ணி, அடுத்த ரெண்டு நாள்ல தென்பெண்ணை பொங்கி நம்ம கடலூர் பக்கமும் போச்சு, அந்த தண்ணில நின்ன வண்டி எல்லாம் எங்க போயிருக்கும்னு நெனைக்கறீங்க, வாட்டர் வாஷ் பண்ணி, சென்ட் அடிச்சு, மார்க்கெட்லதான் நிக்குது. அதனால வண்டிய பாத்த உடனே இன்ஜின் பக்கம் போகாம சீட் பெல்ட்ட புடிச்சு கடைசி வரைக்கும் இழுங்க. மேல பளிச்னு இருக்கும், உள்ள சுத்தியிருக்கற கடைசி முழத்துல சேத்துக்கறை ஒரு கோடா நின்னா முடிஞ்சது கதை. லாஸ்பேட்டைல நான் பாத்த ஒரு வெள்ளை வண்டி அப்படித்தான், பெல்ட்ட இழுத்தா காஞ்ச வண்டல் பொடிப்பொடியா மடில கொட்டுது, விக்கறவரு "மழைல கண்ணாடி ஏத்த மறந்துட்டோம் சார்"ங்கறாரு. கண்ணாடி வழியா வர்ற மழைல வண்டல் எப்படி சார் வரும். சீட் தண்டவாள போல்ட்டு, ஸ்டெப்னி வைக்கற குழி, இது ரெண்டையும் டார்ச் அடிச்சு பாருங்க. இன்சூரன்ஸ் க்ளெய்ம் எடுத்துருக்காங்களான்னும் கேளுங்க. கடல்காத்துக்கு அடில லேசா துரு இருக்கறது இங்க எல்லா வண்டிலயும் உள்ளதுதான், அதுக்கு பயந்தா பாண்டில வண்டியே வாங்க முடியாது.

ஓட்டறதுல என்ன வித்தியாசம்னா, டர்போ பெட்ரோல் டீசல் மாதிரியே இழுக்கும்னு வீடியோல எல்லாம் சொல்றாங்கல்ல, அது பாதிதான் நெஜம். ஸ்விஃப்ட் பவர் 75 பிஎஸ், இழுவிசை (டார்க்) 190 என்எம். போலோ 110 பிஎஸ், 175 என்எம், அந்த 175 என்எம் 1,750 ஆர்பிஎம்ல இருந்து 4,000 வரைக்கும் அப்படியே நிக்குது. கிழக்கு கடற்கரை சாலைல காலாப்பட்டு தாண்டி ஒரு பஸ்ஸ முந்தும்போதுதான் அதோட அருமை தெரிஞ்சுது, ஸ்விஃப்ட் 4,000 ஆர்பிஎம்ல மூச்ச விட்டுடும், இது அதுக்கப்பறமும் கத்திக்கிட்டே ஓடுது. ஆனா லாரன்ஸ் ரோடு நெரிசல்ல கதையே மாறுது. ஸ்விஃப்ட்ல டர்போ பிக்கப் 2,000க்கு மேலதான்னாலும் முதல் கியர்ல கிளட்ச விட்டா ஆக்சிலேட்டர தொடாமலே தேர் மாதிரி நகரும். இது ஒரு லிட்டர் மூணு சிலிண்டர், கால் வைக்கலன்னா குலுங்கி ஆஃப் ஆகப் பாக்கும்.

டெஸ்ட் டிரைவுக்கு கூட வந்த மெக்கானிக் அண்ணன் பாதி வழில சொன்னாரு, "தம்பி, டீசல் ஓட்டற மாதிரி டாப் கியர்ல 50ல போயிட்டு அழுத்தாத, கியர எறக்கு." நேரடியா சிலிண்டருக்குள்ளயே பெட்ரோல் அடிக்கற டர்போ இன்ஜின்ல கம்மி ஆர்பிஎம்ல முழு லோடு குடுத்தா ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே சில சமயம் தானா பத்திக்கும், மோசமா போனா பிஸ்டனே ஒடையும். டீசல் ஓட்டினவங்களுக்கு சோம்பேறியா டாப் கியர்ல இழுக்கறது கைல ஊறின பழக்கம், அத மாத்திக்கறதுதான் கஷ்டம். ஆயில் விஷயத்துலயும் கஞ்சத்தனம் கூடாது, பெட்ரோல் டர்போக்கு வர்ற புகை டீசல விட ரொம்ப சூடு, புக்ல போட்டுருக்கற கிரேடு ஆயில், நேரத்துக்கு மாத்தணும், ஹைவேல வெரட்டிட்டு வந்த உடனே சாவிய திருப்பாம கொஞ்ச நேரம் ஓட விட்டு நிறுத்தணும். சர்வீஸ் ரசீது இல்லாத டர்போ வண்டி எவ்ளோ கம்மியா வந்தாலும் நான் தொட மாட்டேன்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பத்தி நெறைய பேர் கேக்கறாங்க. 2023 ஏப்ரலுக்கு முன்னாடி வந்த வண்டிங்க பெரும்பாலும் இ20க்குன்னு செஞ்சதில்ல, எத்தனால்ல சக்தி கம்மி, அதனால மைலேஜ் கொஞ்சம் அடி வாங்கும். அதே சமயம் ஆக்டேன் (முன்னாடியே தானா பத்திக்காம தாங்கற திறன்) கூடுது, டர்போ இன்ஜினுக்கு அது நல்லதுதான். ரப்பர் ஹோஸ் எல்லாம் மட்டும் சர்வீஸ்ல ஒரு கண்ணு பாக்க சொல்லிருக்கேன். பெட்ரோல் போடறது எங்கன்னு கேட்டா, வேற எங்க, பாண்டி போறப்ப எல்லைல இருக்கற முள்ளோடை தாண்டினதும்தான், லிட்டருக்கு அஞ்சு ரூபாயாவது கம்மி, கடலூர்க்காரன் எவன் பாண்டி போயிட்டு டாங்க் காலியா திரும்பி வரான்.

வண்டி பாண்டி நம்பர், பிஒய்-01, அதனால அங்க என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லைன்னு சான்று) வாங்கி, நம்ம கடலூர் நம்பர் டிஎன்-31க்கு மாத்தி, இங்க வரி கட்டணும். 12 மாசத்துக்கு மேல வேற மாநில நம்பர்லயே இங்க வச்சுக்க சட்டத்துல எடமில்ல, அதனால அந்த வரிய வெல பேசும்போதே கழிச்சுக்கோங்க. என்.ஓ.சி. கைக்கு வந்துடுச்சு, வரி எவ்ளோ போடறாங்கன்னு ஆர்டிஓ ஆபீஸ் போனாதான் தெரியும்.