கணையக் கட்டியா? முதலில் குழாயைப் பாருங்கள்

கணையத்தில் கட்டி என்று ரிப்போர்ட் வந்ததும் எல்லோருக்கும் புற்றுநோய் நினைப்புதான் வரும். உண்மையில் அங்கே வரும் கட்டிகள் பல வகை. சில சீக்கிரமே உயிரைப் பறிக்கும். சில ஆயுள் முழுக்க ஒன்றும் செய்யாமல் கிடக்கும். ஸ்கேன் படம் ஒழுங்காக எடுக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் அதிலேயே வகை பிரித்துவிடலாம்.

எடுப்பதில்தான் முதல் சறுக்கல். வயிற்றுக்கு வழக்கமாக எடுக்கும் சிடியில் கான்ட்ராஸ்ட் மருந்து (ரத்தம் ஓடும் இடங்களைப் படத்தில் வெளுத்துக் காட்டுவது) ஏற்றி 70 விநாடி கழித்து ஒரே ஒரு முறை படம் எடுப்பார்கள். கணையத்துக்கு அது போதாது. விநாடிக்கு 4 முதல் 5 மி.லி. வேகத்தில் மருந்தைச் செலுத்தி, 40–45ஆவது விநாடியில் ஒன்றும் 70ஆவது விநாடியில் ஒன்றுமாக இரண்டு கட்டம் வேண்டும். முதல் கட்டத்தில் கணையம் நன்கு வெளுத்துத் தெரியும். கணைய நீரைக் கொண்டுசெல்லும் குழாயிலிருந்து கிளம்பும் புற்றுநோயில் நார்த்திசு அதிகம், ரத்த ஓட்டம் குறைவு. அதனால் அது மட்டும் கறுத்து நிற்கும். சிரைகளையும் ஈரலில் பரவியிருக்கிறதா என்பதையும் இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாம். குடிக்கத் தண்ணீரே போதும். வெள்ளையாகத் தெரியும் மருந்து குடித்தால் முன்சிறுகுடலை ஒட்டிய சிறு கட்டி மறைந்துபோகும்.

படம் கையில் வந்ததும் கட்டியைத் தேடாமல் கணையக் குழாயை கணையத்தின் வாலிலிருந்து (மண்ணீரல் பக்க நுனி) தலைவரை (முன்சிறுகுடல் பக்கம்) பின்தொடருங்கள். குழாய் ஓரிடத்தில் வெட்டினாற்போல் நின்று, அதற்குப் பின்னால் வீங்கி, அந்தப் பகுதிக் கணையமும் சுருங்கியிருந்தால், கட்டி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் புற்றுநோய் என்றே சந்தேகப்பட வேண்டும். இந்தப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்குக் கட்டியும் கணையமும் ஒரே நிறத்தில் இருக்கும். அங்கே துப்புக் கொடுப்பது பெரும்பாலும் குழாய்தான்.

ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டி இதற்கு நேர்மாறு. உருண்டையாக, முதல் கட்டத்தில் பளிச்சென்று மின்னும். குழாயைப் பெரும்பாலும் அடைக்காது. 70ஆவது விநாடியில் சிறிய கட்டிகள் கணையத்தோடு கலந்துவிடும், ஒரே கட்ட சிடியில் தவறிப்போவது இதனால்தான். வால் நுனியில் இப்படி ஒன்று மின்னினால் அவசரப்படாதீர்கள். கணையத்துக்குள் புதைந்த துணை மண்ணீரலும் (பிறவியிலேயே அமைந்த சிறு மண்ணீரல் துண்டு) அப்படியே தெரியும். நியூரோஎண்டோகிரைன் கட்டியைத் தேட எடுக்கும் காலியம்-68 டோட்டாடேட் பெட் ஸ்கேனிலும் ஒளிர்ந்து ஏமாற்றும். எம்ஆர்ஐயின் எல்லாப் பட வரிசைகளிலும் அது மண்ணீரலைப் போலவே நடந்துகொள்கிறதா என்று ஒப்பிடுங்கள். சிறுநீரகப் புற்றுக்கு அறுவை நடந்ததா என்றும் கேளுங்கள். 10 ஆண்டு கழித்துக்கூட அது கணையத்தில் வந்து உட்காரும், இதே மாதிரி மின்னும்.

நீர்க்கட்டிகளுக்கு எம்ஆர்சிபி, அதாவது கணைய, பித்தக் குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ. ஐபிஎம்என் எனும் சளி சுரக்கும் கட்டி குழாயோடு தொடர்புள்ளது. முக்கியக் குழாய் 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்திருந்தாலோ, சுவரில் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்று வெளுக்கும் 5 மி.மீ. அல்லது அதற்கும் பெரிய முடிச்சு இருந்தாலோ அறுவை மருத்துவரிடம் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும். தேன்கூடு போன்ற சின்னச் சின்ன அறைகள், நடுவே தழும்பு இருந்தால் சீரஸ் (தெளிநீர் நிறைந்த) கட்டி, அநேகமாகத் தீங்கற்றது. நடுத்தர வயதுப் பெண்ணுக்கு உடல் அல்லது வால் பகுதியில், குழாயோடு தொடர்பில்லாத தடித்த சுவர் நீர்க்கட்டி என்றால் மியூசினஸ் (சளி சுரக்கும்) வகை. இளம்பெண்ணுக்கு உறையோடு, உள்ளே ரத்தக்கசிவோடு பாதி திடமாக இருந்தால் எஸ்பிஎன் (சாலிட் சூடோபாப்பிலரி நியோபிளாசம்) எனும் கட்டி.

கட்டியே இல்லாமல் கட்டிபோல் நடிப்பது ஆட்டோஇம்யூன் கணைய அழற்சி, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்குவது. கணையம் சாசேஜ்போல் தடித்து, சுற்றிலும் மெல்லிய வளையம் தெரியும். குழாய் நீளமாகக் குறுகியிருக்கும், ஆனால் பின்னால் பெரிதாக வீங்காது. ரத்தத்தில் ஐஜிஜி4 எனும் எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பார்ப்பது அவசியம், ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது; சில புற்றுநோயாளிகளுக்கும் அது கூடியிருக்கும்.

காமாலை இருந்தால் இன்னொன்று. பித்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்துவைக்கும் சிறு குழல்) வைக்கும் முன்பே சிடி எடுத்துவிட வேண்டும். வைத்த பிறகு எடுத்தால் உலோகத்தின் கீற்றுகளும் அந்தச் செயல்முறையால் வரும் வீக்கமும் கட்டியின் எல்லையை மூடிவிடும். ரத்தக்குழாயைக் கட்டி எத்தனை பாகை சுற்றியிருக்கிறது என்பதை அதன்பின் உறுதியாக அளக்க முடியாது. அறுவை செய்யலாமா என்ற முடிவு அந்த அளவைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது.