செக்ரடேரியட்: 31 லெங்த்தை விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள்

அமெரிக்கப் பந்தயக் குதிரை செக்ரடேரியட் என்றாலே 1973 பெல்மாண்ட் ஸ்டேக்ஸ் பந்தயமும், அதில் 31 லெங்த் (ஒரு லெங்த் என்றால் ஒரு குதிரையின் உடல் நீளம்) இடைவெளியில் ஜெயித்ததும்தான் பேச்சு. ஆனால் எதிரில் ஓடியவை களைத்துப் போனாலும் இடைவெளி கூடத்தான் செய்யும். குதிரையின் தரம் தெரிய வேண்டுமானால் நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதே ஆண்டு மே 5, கென்டக்கி டெர்பி. தூரம் 10 ஃபர்லாங் (ஒரு ஃபர்லாங் சுமார் 200 மீட்டர்). இரண்டிரண்டு ஃபர்லாங்காகப் பிரித்தால் இந்தக் குதிரை எடுத்த நொடிகள்: 25.2, 24, 23.8, 23.4, 23. வழக்கமாகக் கடைசித் துண்டில்தான் குதிரைகளுக்கு மூச்சு முட்டும், நேரம் ஏறும். இங்கே ஒவ்வொரு துண்டிலும் இறங்கியிருக்கிறது. கிளம்பியதோ கடைசி ஆளாக! மொத்தம் 1 நிமிடம் 59.4 நொடி; அந்த டெர்பி ரெக்கார்டு இன்னும் அப்படியே நிற்கிறது.

இத்தனைக்கும் இரண்டு வாரம் முன்னால் வுட் மெமோரியல் பந்தயத்தில் மூன்றாவதாக வந்த குதிரை. மேலுதட்டுக்குள் சீழ்க்கட்டி. கடிவாளம் இழுபட்டாலே வலிக்கும்போது ஜாக்கி சொல்வதை அது எப்படிக் கேட்கும்?

டெர்பிக்கு அடுத்து ஓடிய ப்ரீக்னெஸ் பந்தயத்தில் குளறியது கடிகாரம். முதலில் 1:55 என்றார்கள், பிறகு 1:54.4 ஆனது. வீடியோவை வைத்துக் கணக்கிட்டு 1:53 என்று திருத்த 2012 வரை ஆயிற்று.

பெல்மாண்ட் 12 ஃபர்லாங். அதில் முதல் 6 ஃபர்லாங்கை 1:09.8-ல் ஓடுவது தற்கொலை மாதிரி. கூடவே ஓடிய போட்டிக் குதிரை ஷாம் அதற்கு விலை கொடுத்தது, கடைசியாகத்தான் வந்தது. ஜாக்கி ரான் டர்காட்டோ சவாரியைத் தளர்த்தவே இல்லை. 10 ஃபர்லாங்கைக் கடந்தபோது 1:59, அதாவது டெர்பியில் தானே போட்ட ரெக்கார்டை விடக் குறைவு. அதற்கு மேல் இன்னும் 2 ஃபர்லாங் ஓடி 2:24-ல் முடித்தது.

தோல்வியே இல்லாத குதிரை அல்ல. அந்தக் கோடையில் விட்னி பந்தயத்தில் ஆனியன் என்ற குதிரையிடம் தோற்றது. மொத்தம் 21 ஓட்டம், 16 வெற்றி. மூன்று வயது பந்தயங்கள் தொடங்கும் முன்பே, பங்கு 1,90,000 டாலர் வீதம் 32 பங்குகளாக இனப்பெருக்க உரிமையை விற்றாகிவிட்டது. அதனால் 1973 முடிவோடு ஓட்டமும் முடிந்தது.

1989-ல் குளம்பு அழற்சி முற்றி, கருணைக் கொலை செய்தார்கள். இதயம் 22 பவுண்டு என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அது பிணப் பரிசோதனை செய்த மருத்துவரின் கண் மதிப்பு மட்டுமே, தராசில் வைக்கவில்லை. நிறுத்துப் பார்த்தது ஷாமின் இதயத்தை: 18 பவுண்டு.