திசையால் பேசுகிறவர்கள்

மொழி நம் எண்ணத்தை வடிவமைக்கிறதா, அல்லது எண்ணம் தனக்கு வேண்டிய மொழியைத் தானே அமைத்துக்கொள்கிறதா என்ற கேள்விக்கு, அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் விடை பெஞ்சமின் லீ வோர்ஃப் என்ற அமெரிக்கருடையது. தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனமொன்றில் ஆய்வாளராக வேலை பார்த்துக்கொண்டே மொழியியல் படித்தவர் அவர். வட அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பி மக்களின் மொழியில் காலத்தைக் குறிக்கும் சொற்களோ வடிவங்களோ இல்லை என்றும், ஆகவே அவர்கள் காலத்தை நம்மைப்போல் உணர்வதில்லை என்றும் அவர் எழுதினார். எக்கேஹார்ட் மலோட்கி என்ற அறிஞர் 1983இல் வெளியிட்ட பெரிய நூல், அதே ஹோப்பி மொழியிலிருந்து காலம் குறித்த சொல்லாட்சிகளைக் குவித்துக் காட்டியபோது அந்த வாதம் ஏறத்தாழ விழுந்துவிட்டது. ஓர் இனத்தாரிடம் ஒரு சொல் இல்லை என்பதால் அந்த எண்ணமே அவர்களுக்கு எழாது என்று சொல்வதில் ஓர் ஏளனமும் ஒளிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

ஆனால் அந்தக் கருத்தின் மென்மையான வடிவம், அதாவது மொழி எண்ணத்தை ஓரளவு வழிநடத்துகிறது என்பது, இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைச் சோதிக்க எடுத்துக்கொள்ளப்பட்ட துறைகளுள் ஒன்று, இடத்தையும் திசையையும் மக்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பேசப்படும் கூகு யிமிதிர் மொழியில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று பொருள்களின் இருப்பைச் சொல்லும் வழக்கம் கிடையாது. எல்லாம் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குதான். (‘கங்காரு’ என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்த மொழியும் இதுவே.) இதைக் கேட்டு மேலைநாட்டு வாசகர்கள் வியக்கிறார்கள். மன்னார்குடிக்குக் கிழக்கே, பந்தியில் உட்கார்ந்தவரைப் பார்த்து “இலையக் கொஞ்சம் வடக்கால தள்ளிப் போட்டுக்கங்க” என்று சொல்லும் ஊரில் வளர்ந்த எனக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை.

நம் ஊர்களும் ஆய்வாளர் கண்ணில் படாமல் இல்லை. 1990களில், நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தின் ஆய்வுத் திட்டத்தில், எரிக் பீடர்சன் என்பவர் தமிழ்நாட்டில் ஒரு சோதனை நடத்தினார். மேசைமேல் சில விலங்குப் பொம்மைகளை வரிசையாக வைத்துக் காட்டுவார்கள். பிறகு பார்த்தவரை முழுதாகத் திருப்பி, வேறொரு மேசையில் அதே வரிசையை வைக்கச் சொல்வார்கள். இடம் வலம் என்று எண்ணுகிறவர் தன் இடக்கைப் பக்கம் இருந்ததை மறுபடியும் இடக்கைப் பக்கமே வைப்பார். திசையால் எண்ணுகிறவர் வடக்கே பார்த்திருந்த பொம்மையை வடக்கே பார்த்தே வைப்பார். பீடர்சன் கண்டது, தமிழ் பேசுகிறவர்களுக்குள்ளேயே இரு வகையினரும் உண்டு, நாட்டுப்புறத்தார் பெரும்பாலும் திசை வழியையும் நகரத்தார் இட வல வழியையும் பின்பற்றுகிறார்கள் என்பது.

இந்த முடிவு உலகின் மற்ற மொழிகளில் கிடைத்த முடிவுகளைக் காட்டிலும் முக்கியமானது என்று நினைக்கிறேன். ஆஸ்திரேலியரும் ஐரோப்பியரும் வேறுபட்டால் மொழி வேறு, ஆகவே எண்ணம் வேறு என்று சொல்லிவிடலாம். ஒரே இலக்கணமும் ஒரே அகராதியும் உடைய மக்கள் இப்படிப் பிரிந்தால், பொறுப்பை மொழியின் தலையில் மட்டும் கட்ட முடியாது. பெக்கி லீ, லைலா கிளைட்மன் என்ற இருவர் 2002இல் எழுப்பிய மறுப்பும் இதை ஒட்டியதே: சோதனை நடக்கும் இடத்தில் வெளியே தெரியும் அடையாளங்களை மாற்றினால், ஆங்கிலம் பேசும் மாணவர்களும் தங்கள் விடையை மாற்றிக்கொள்கிறார்கள் என்று அவர்கள் வாதிட்டார்கள். அந்த விவாதம் பின்னும் தொடர்ந்தது.

எங்கள் காவிரி டெல்டாவில் திசைப் பேச்சு நிலைத்ததற்குக் காரணம் தேடி மூளைக்குள் போக வேண்டியதில்லை. மலையோ மேடோ இல்லாத சமநிலத்தில் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. மேலண்டை வயல் நிரம்பினால்தான் கீழண்டை வயலுக்கு மடை திறக்கும். கடைமடை எப்போதும் கடலை ஒட்டியே இருக்கும். சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலத்தைக் குறிக்கும்போது, இன்ன வதிக்கு (பாசன வழிக்கு) மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாற்றில் (கிளை வாய்க்காலில்) இத்தனையாம் சதிரம் (நிலத் துண்டு) என்று எழுதினார்கள். இன்றும் பத்திரத்தில் செக்குபந்தி எழுதும்போது நான்கெல்லையும் திசையால்தான் வருகின்றன. வலப்பக்கத்து வரப்பு என்று ஒரு பத்திரம் சொன்னால், யாருடைய வலப்பக்கம் என்று கேட்டே வழக்கு தலைமுறை தாண்டும்.

தை அறுவடையில் இதை நேரில் பார்க்கலாம். அறுப்பு மெஷின் ஓட்டுநர்களில் பலர் வெளி மாவட்டத்துக்காரர்கள். வரப்பில் நின்றுகொண்டு வயல்காரர், “தெக்கால வரப்ப ஒட்டி ஏத்துப்பா, கீழண்டை மூலையில சேறு, அங்க எறக்காத” என்று கத்துவார். “அண்ணே, லெப்டா ரைட்டா, அதச் சொல்லுங்க” என்று மேலிருந்து பதில் வரும். வண்டி வயலின் முனைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஓட்டுநரின் இடம் வலமாகிவிடும். வயல்காரரின் தெற்கு அங்கேயே இருக்கும். இருவரும் தமிழர்களே. அரை மணி நேரத்தில் ஓட்டுநருக்கு அந்த வயலின் திசைகள் பிடிபட்டுவிடுவதையும் பார்த்திருக்கிறேன். மொழி ஒரு சிறை என்றால், இவ்வளவு விரைவில் அதன் கதவு திறக்காது.

ஆகவே என் கருத்து இதுதான்: நாள்தோறும் செய்யும் வேலையும் கொடுக்கல் வாங்கலும் நாவிடம் எதைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றனவோ, அதுவே எண்ணப் பழக்கமாகப் படிகிறது. இலக்கணம் அந்தப் பழக்கத்தைக் கட்டிக் காக்கும் கரை மட்டுமே. மொழியியலாளர் ரோமன் யாகோப்சன் 1959இல் ஒரு கட்டுரையில் இதற்கு நெருங்கி வந்தார். மொழிகள் வேறுபடுவது எதைச் சொல்ல முடியும் என்பதிலன்று, எதைச் சொல்லியே தீர வேண்டும் என்பதில்தான் என்றார் அவர்.

தமிழில் நாம் சொல்லியே தீர வேண்டியவற்றுள் கனமானது மரியாதை. ஓர் ஆள் வந்த செய்தியைச் சொல்ல வாய் திறந்தால், வந்தான் என்பதா, வந்தார் என்பதா என்று முடிவு செய்யாமல் வாக்கியம் முடியாது. வயதில் மூத்த பண்ணையாளை மிராசுதார் வீட்டுச் சிறுவன் ‘வந்தான்’ என்று சொல்லிப் பழகிய மண் இது. அந்த விகுதியை நாள்தோறும் சொல்லி வளர்ந்தவனுக்கு, எதிரில் நிற்பவர் தாழ்ந்தவர் என்பது கருத்தாக அன்றிக் கண்ணால் கண்ட உண்மையாகவே தெரிந்திருக்கும். மொழி உண்மையைப் படைக்கிறது என்ற கூற்றை நான் முழுதாக ஒப்புக்கொள்ளும் இடம் இதுவே. ஆனால் இதுவும் இலக்கணத்தின் கட்டளையன்று. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறிப்பட்டது அன்று என்று தொல்காப்பியர் கிளவியாக்கம் என்ற இயலிலேயே பிரித்துக் காட்டிவிட்டார்.

வழக்கில் வந்தது வழக்கால் மாறும். 1940களில் கீழத்தஞ்சையில் பி. சீனிவாசராவ் போன்றோர் முன்னின்று நடத்திய விவசாயத் தொழிலாளர் இயக்கம், சவுக்கடியையும் சாணிப்பால் புகட்டும் தண்டனையையும் எதிர்த்தபோது ‘வாடா போடா’ என்ற பேச்சையும் அந்த இழிவின் ஒரு பகுதியாகவே பார்த்தது. வோர்ஃபைப் படித்தா அவர்கள் அதைத் தெரிந்துகொண்டார்கள்? 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விகுதி மாறுவதற்கு அதைவிட அதிகக் காலம் பிடித்தது, சில தெருக்களில் இன்னும் மாறவில்லை.

மாறும் காலத்தில் நாக்கு படும் பாடு தனிச் சுவை உடையது. தாத்தா ‘நீ’ என்று அழைத்தவரைப் பேரனால் அப்படி அழைக்க முடிவதில்லை. ‘நீங்க’ என்று சொன்னால் திண்ணையில் இருக்கும் பெரியவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவன் “சாப்பிட்டாச்சா?” என்கிறான், “எப்ப வந்தது?” என்கிறான். எழுவாயும் இல்லை, மரியாதை விகுதியும் இல்லை. சொல்லியே தீர வேண்டும் என்று மொழி கேட்பதைச் சொல்லாமல் நழுவ அந்த மொழியிலேயே வழி இருக்கிறது, எங்கள் பக்கத்தில் அதைத் தெரியாதவர் யாரும் இல்லை.